கேரியரில் வந்த கறிவேப்பிலை

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு வேலையே இல்லை. கேரியரைத் திரும்ப வாங்கி வருவதுதான் வேலை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன். சோறு கொடுக்கும்போது எல்லோரும் வாசலில் நிற்பார்கள். நேற்றைய கேரியரைக் கேட்டால் மட்டும் ஒருவர் தூங்குவார், ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவர் மேல்தட்டை ஒரு பக்கமும் மூடியை ஒரு பக்கமும் வைத்துவிட்டு வீட்டையே புரட்டிப் போடுவார். கோவை வெயிலில், கழுத்தில் வியர்வை வழிய, ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடாமல் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிற எனக்கு வாயில் என்ன வரும்? நல்லதாக எதுவும் வராது. எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வதில் தப்பே இல்லை.

தனியாக இருக்கிற, சமைத்துக்கொள்ள முடியாத வயதானவர்களுக்கு எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து மத்தியானச் சாப்பாடு கொடுக்கிறோம். கொரோனா சமயத்தில் சும்மா ஒரு வாரத்துக்கு என்று ஆரம்பித்தது, இன்றுவரை நிற்கவில்லை. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர் பின்கட்டுச் சமையலறையை விட்டுக் கொடுத்தார். சமைக்க இரண்டு அம்மாக்கள். ஆளுக்கொரு பக்கம் ஸ்கூட்டரில் கிளம்புவோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு அடுக்குள்ள எவர்சில்வர் கேரியர். கீழே சோறும் குழம்பும், மேலே பொரியல். இன்றைய கேரியரைக் கொடுத்துவிட்டு, கழுவி வைத்திருக்கும் நேற்றைய கேரியரை வாங்கி வர வேண்டும். அப்போது அவ்வளவுதான் ஏற்பாடு.

நான் சொல்லவந்த பெரியவரின் வீடு, நான் போகிற பக்கத்தில் கடைசி வீடு. கணபதிப் பக்கம் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு, ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாகக் கதவுகள். அவருடையது கோடியில், பொதுக்குழாயை ஒட்டி இருந்தது. வாழ்நாள் முழுக்க மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் வேலை செய்தவர். மனைவி இறந்துவிட்டார். இப்போது கை நடுங்குகிறது, அடுப்புப் பக்கம் போக முடியாது. சர்க்கரை வேறு. வீடு வீடாக மாத்திரை கொண்டு வரும் நர்ஸம்மாதான் அவரைப் பற்றி எங்களிடம் சொன்னார்.

"மாத்திரையைப் போட்டுட்டு மத்தியானம் பட்டினி கெடந்தா, எங்கியாச்சும் மயங்கி உளுந்துருவாருங்க. அவருக்கு மட்டும் ஒரு நாளும் தப்பாமப் பாத்துக்கங்க" என்றார். என்னிடம் பொறுப்பாக ஒப்படைத்துச் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான்.

முதல் நாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் நான் போய் நிற்பதற்கு முன்பே நேற்றைய கேரியர் கழுவித் துடைத்து வாசலில் தயாராக இருந்தது. அப்பாடா, உருப்படியாக ஓர் ஆள் என்று எடுத்தேன். உள்ளே ஏதோ சரசரவென்றது. மேல்தட்டைத் திறந்தால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை.

"ஐயா, இதுல என்னமோ இருக்குதுங்க."

"கறிவேப்பிலைங்க அம்மணி. நம்ம மரந்தானுங்க, அதா, பைப்புகிட்ட." அவர் கை காட்டிய இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மரம் தளதளவென்று நின்றது. எல்லோரும் கழுவிக் கொட்டுகிற தண்ணீரைக் குடித்து வளர்ந்த மரம். "வெறும் போசியை எப்படிங்க திருப்பிக் குடுக்கறது? எங்கூட்டுக்காரி இருந்திருந்தா என்னையத் திட்டியே தீத்துப்போடுவா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அம்மா வீட்டிலும் அப்படித்தான். ஒரம்பரை, சொந்தபந்தம் வீட்டிலிருந்தோ பக்கத்துத் தோட்டத்திலிருந்தோ ஒரு பாத்திரம் வந்தால், அது வெறுமனே திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கட்டி வெல்லமாவது உள்ளே உருளும். அதைச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். கிணத்துக்கடவு தாண்டி என்றேன்.

"அட! எங்கப்பன் அந்தப் பக்கம் தோட்டத்து வேலைக்கு வந்தவருதானுங்க. நானே சின்னதுல கூட வந்திருக்கறனுங்க." அவர் முகம் மலர்ந்துபோயிற்று. சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. அடுத்த நாள் மேல்தட்டில் கறிவேப்பிலையோடு ஓர் எலுமிச்சம்பழமும் இருந்தது.

அதன் பிறகு ஒரு நாளும் கேரியர் வெறுமனே வந்ததில்லை. கறிவேப்பிலை இல்லாவிட்டால் இரண்டு பச்சை மிளகாய். பொங்கலுக்கு ஒரு துண்டுக் கரும்பு, கேரியர் அளவுக்கு நறுக்கி. ஒன்றுமே கிடைக்காத நாளில் ஒரு சிட்டிகை சர்க்கரை, காகிதத்தில் மடித்து. சர்க்கரைக்காரர் வீட்டில் சர்க்கரை எதற்கு இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ள நர்ஸம்மா வாங்கி வைக்கச் சொன்னது அது.

இதையெல்லாம் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துச் சமையலறையில் வெளியிலிருந்து வரும் எதையும் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதி. பத்துப் பேர் சாப்பிடும் இடம், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? நியாயமான விதிதான். போட்டதே நான்தானே. பின்கதவை ஒட்டி ஒரு நீலக் குப்பை வாளி இருக்கும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மேல்தட்டைத் திறந்து அந்த வாளியில் கவிழ்த்துவிட்டு, கேரியரைக் கழுவும் தொட்டியில் போட்டுவிடுவேன். கறிவேப்பிலையாய்த் தூக்கிப் போடுவது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். குழம்பில் கொதித்த பிறகாவது அது தட்டோரம் போகும். நான் குழம்புக்கே காட்டவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டால், எங்கள் வீட்டு மாடியிலேயே தொட்டியில் கறிவேப்பிலை இருக்கிறது என்பேன். அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் அதுதான்.

ஒரு நாள் அவரே கேட்டார். "ஏனுங்க அம்மணி, நம்ம கறிவேப்பிலை வாசமா இருந்துச்சுங்களா?"

"ஐயோ, அத ஏனுங்க கேக்கறீங்க! ரசத்துல போட்டனுங்க, தெருவே மணக்குது" என்றேன். கூசாமல் சொன்னேன். அவர் சின்னப் பிள்ளையைப் போல மகிழ்ந்து, "கொழுந்தாப் பாத்துத்தானுங்க ஒடிச்சேன்" என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள். காலையிலிருந்தே எனக்குச் சரியில்லை. சமைக்கும் அம்மாக்களில் ஒருவர் வரவில்லை, சோறு குழைந்துவிட்டது, வழியில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது, நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டது. அன்றைக்கென்று அவர் மேல்தட்டில் ஒரு கொய்யாப்பழம் வைத்திருந்தார். நல்ல பழுத்த பழம். வாங்கிப் பைக்குள் வைக்கும்போதே கையில் சுரீரென்றது. மூடி இடுக்கெல்லாம் எறும்பு. பைக்குள் போய், மற்ற கேரியர்கள் மேலேறி, என் கை, கழுத்து என்று ஊர்ந்துவிட்டது.

"எத்தன நாளைக்குங்க இப்புடி?" என்று கத்தினேன். "உங்களை யாரு இதெல்லாம் போடச் சொன்னா? நீங்க போடறது எதையும் அங்க சேக்கறதில்லீங்க. எல்லாத்தையும் குப்பையிலதான் கொட்டறோம். இனிமேல் ஒண்ணுமே போடாதீங்க!"

லைன் வீட்டில் நாலு கதவில் தலை தெரிந்தது. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, என் பை மேல் ஊர்ந்த எறும்புகளை மெதுவாகத் தட்டிவிட்டார்.

"அப்புடீங்களா. செரிங்க அம்மணி. போச்சாதுங்க" என்றார்.

பரவாயில்லை என்று என்னைத்தான் தேற்றினார், பாருங்கள். நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மழை, நேரமாகிவிட்டது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாளை வரவில்லை. மறுநாள் அவர் எப்போதும்போலக் கேரியரைக் கொடுத்தார், நானும் எப்போதும்போல வாங்கினேன். மேல்தட்டில் ஒன்றும் இல்லை. பேச்சை எடுத்தால் சங்கடம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதே சமயத்தில்தான் எங்கள் கூட்டத்தில் டப்பாப் பேச்சு வந்தது. ஒரு நல்ல மனிதர், தூக்கிப் போடுகிற பார்சல் டப்பாக்களை மாதாமாதம் தானே தருவதாகச் சொன்னார். கழுவ வேண்டாம், திரும்ப வாங்க வேண்டாம். சிலர் யோசித்தார்கள். குப்பை சேருமே என்றார்கள். "குப்பையை அப்பறம் பாப்போம், மொதல்ல நம்ம முதுகைப் பாருங்க" என்று முதலில் கையைத் தூக்கியவள் நான்தான். கேரியர் கழுவும் தொல்லையிலிருந்து மட்டுமா தப்பிக்க நினைத்தேன்? தினமும் அந்த வாசலில் வெறும் மேல்தட்டைத் தொடுவதிலிருந்தும்தான்.

டப்பாவை அவர் கையில் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைத் திருப்பித் தர வேண்டாங்களா?"

"வேண்டாங்க ஐயா. சாப்ட்டுட்டுத் தூக்கிப் போட்டுருங்க. உங்களுக்கும் கழுவற வேலை மிச்சம்."

அவர் தூக்கிப் போடவில்லை. கழுவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வாசலில் வைத்திருந்தார். எடுத்துப் போகச் சொன்னார். நாங்கள் மறுபடி உபயோகிப்பதில்லை என்றேன். தலையாட்டினார். சில நாள் கழித்து, நான் டப்பாவை நீட்டியபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மக வந்துருக்கறாளுங்க அம்மணி. உடுமலைப்பேட்டைல கட்டிக் குடுத்த புள்ள. இனிமே இங்கதான் இருப்பா. அவளே ஆக்கிப் போட்டுருவா. என்ற சோத்தை இல்லாதவங்க யாருக்காச்சும் குடுத்துருங்க. இத்தன நாளு நல்லாக் கவனிச்சீங்க."

எங்களிடம் எப்போதும் யாராவது ஒருவர் சாப்பாடு கேட்டுக் காத்திருப்பார்கள். ஓர் இடம் காலியானால் நிம்மதிதான். "ரொம்ப சந்தோசங்க ஐயா" என்றேன். சந்தோஷப்படவும் செய்தேன். வாசலில் ஒரே ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்புதான் கிடந்தது. கொடியில் ஒரு புடவை இல்லை. உள்ளேயிருந்து ஒரு பாத்திரச் சத்தம் இல்லை. இதெல்லாம் என் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. "எங்கீங்க உங்க மக, கூப்புடுங்க பாப்போம்" என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நீளவாய்க்காரிக்கு அன்று வாய் வரவில்லை.

அவர் பங்கை அதே சந்தில் வேறொரு வீட்டுக்குக் கொடுத்தோம். அதனால் தினமும் அந்த வழியாகத்தான் போவேன். ஒரு நாள், அவர் வீட்டுக்கு அடுத்த கதவுப் பெண், மாவு அரைத்து விற்பவள், கையிலிருந்த மாவோடு ஓடிவந்து ஸ்கூட்டரை மறித்தாள்.

"ஏனுங்க்கா, நீங்கதான சோறு கொண்டாருவீங்க? பெரியவரு காத்தால பைப்படில மயங்கி உளுந்துட்டாருங்க. நெத்தி ஒடைஞ்சு ரத்தம். சக்கரைத் தண்ணியக் கலக்கி ஊத்தி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, இப்பத்தான் வந்தோம். ஏனுங்க அவருக்குச் சோத்தை நிறுத்தினீங்க?"

"அவரு மக வந்திருக்கறதாச் சொன்னாரே?"

"மகளா? அவுருக்கு ஏதுங்க்கா மக? புள்ள குட்டியே இல்லாத மனுசன்."

ஸ்கூட்டரை எப்படி ஓரம் கட்டினேன் என்று தெரியவில்லை.

"மத்தியானத்துக்கு என்ன சாப்புடறாரு?"

"முக்குல டீயும் வர்க்கியுந்தானுங்க. நானும் ரெண்டு தோசை ஊத்திக் கொண்டுபோயிக் குடுப்பேன். தெனமும் வாங்க மாட்டாரு. வாங்குனாலும் தட்டுல ஒரு கொத்துக் கறிவேப்பிலை வெச்சுத்தான் திருப்பிக் குடுப்பாரு. அத நான் சட்னிக்குப் போட்டுக்குவேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

எங்கள் அம்மா வீட்டுப் பாத்திரப் போக்குவரத்தை அவரிடம் பெருமையாகச் சொன்னேன் அல்லவா, அதில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்களும் பாத்திரம் கொண்டு வருவார்கள். பின்வாசலில் நிற்பார்கள். அம்மா தாராளமாகத்தான் ஊற்றுவாள், யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. ஆனால் அந்தப் பாத்திரங்கள் ஒரு பக்கமாகத்தான் போயின. அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு எதுவும் வந்ததில்லை. வந்திருந்தால் அடுப்படிக்குள் போயிருக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். போயிருக்காது. வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் போன பிறகு மாட்டுத் தாழியில் போட்டிருப்போம்.

நீல வாளியில் நான் கவிழ்த்தது வெறும் விதிக்காகத்தானா? ஆமாம் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. எங்கள் தெருக்காரம்மா ஒருத்தி கொடுத்த முருங்கைக்கீரையை அதே மாதத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரியல் செய்தேன். அதைக் குப்பையில் போட எனக்குத் தோன்றவில்லை. கிணத்துக்கடவு என்று சொன்னவுடன் அவர் முகம் மலர்ந்ததும் எலுமிச்சம்பழம் வந்ததும் ஞாபகம் வந்து, சே, எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அப்படி ஏதோவொரு பின்வாசலில் நின்றவருடைய பிள்ளை, இத்தனை காலம் கழித்து, அக்கம்பக்கத்து வீட்டுக்காரராக எனக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை தந்தார். நான் அதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக் கொட்டினேன். அப்புறம் அதையும் ஊர் கேட்கச் சொன்னேன்.

மறுநாள் டப்பாவை எடுக்கவில்லை. என் வீட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முன்பெல்லாம் உட்கார்ந்தபடியேதான் "வாங்க அம்மணி" என்பார்.

"உக்காருங்க ஐயா. ஏனுங்க எங்கிட்டப் பொய் சொன்னீங்க?"

"பொய்யின்னு இல்லீங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க."

"நான் அன்னைக்குக் கத்தினது தப்புங்க. ரொம்பப் பெரிய தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க. இது என்ற வீட்டுக் கேரியர். உங்களுக்கு மட்டும் இதுலதான் கொண்டாருவேன். நீங்க எப்பவும்போல கறிவேப்பிலை போட்டுக் குடுங்க. நான் எங்கூட்டுக்கு எடுத்துட்டுப் போயி ரசத்துல போடறேன். இந்தத் தடவை நெசமாத்தாங்க."

வாய் தவறி 'இந்தத் தடவை' என்று வந்துவிட்டது. தெருவே மணக்குது என்று சொன்னவளும் நான்தானே. அவர் அதைக் கேட்டும் கேட்காதவர் போல இருந்தார்.

"நர்ஸம்மாவும் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க. சாப்புட்டுத்தான் ஆகோணுமாமுங்க" என்றார். கையை நீட்டிக் கேரியரை வாங்கிக்கொண்டார். "செரிங்க. வெச்சுட்டுப் போங்க."

வாங்கிக்கொண்டாரே, அது போதும் என்று வந்தேன். அடுத்த நாள் காலையில் ரசம் வைத்தேன். வேண்டுமென்றே தாளிக்கவில்லை. "என்ன, ரசத்துக்கு நல்ல நேரம் பாக்கறயா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். மத்தியானம் கறிவேப்பிலை வரும், வந்ததும் தாளிக்கிறேன் என்றேன். மாடியில் இல்லாத கறிவேப்பிலையா என்றார். பேசாமல் இருங்கள் என்றேன்.

அவர் வாசலில் கேரியர் தயாராக இருந்தது. அவரே எடுத்துத் தந்தார். புதிதாய் வாங்கியதைப் போலப் பளபளவென்று தேய்த்திருந்தார். இன்னொரு கேரியரில் நான் கொண்டுபோன அன்றைய சாப்பாட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க மேடம். வெயிலா இருக்குது, பாத்துப் போங்க" என்றார்.

மேடமா? திரும்பிப் பார்த்தேன். அவர் உள்ளே போய்விட்டார். குழாயடி மரம் மழைக்குப் பிறகு கொழுந்து விட்டு, கைக்கெட்டும் தூரத்தில் மணத்துக்கொண்டு நின்றது. தெருமுனை வரை பொறுக்க முடியாமல் மரத்தடியிலேயே கேரியரைத் திறந்தேன். மேல்தட்டில் ஒன்றும் இல்லை. கீழ்த்தட்டையும் திறந்தேன். ஓர் இலையை நானே பறித்துப் போட்டுக்கொண்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கை எழவில்லை.

இப்போது அவர் ஒரு நாளும் தவறாமல் சாப்பிடுகிறார். கட்டுப் பிரித்தாயிற்று. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, இனி பயமில்லை என்று நர்ஸம்மா என்னைப் பாராட்டினார். எங்கள் கூட்டத்தில் யாராவது புதிதாகச் சேர்ந்தால், டப்பாக் காலத்திலும் சொன்ன நேரத்துக்குக் கேரியரைத் திருப்பித் தருகிற ஆள் என்று அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். நான் தினமும் மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி மேல்தட்டைத் திறந்து பார்க்கிறேன். இன்றைக்கும் பார்த்தேன். நன்றாகத் துடைத்து வைத்திருந்தார், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.